தடை நீக்கமும் நடையுரிமையும்: நகராட்சித் தெருக்களில் நடப்பவரின் இடம் – விருத்தாசலத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பாதுகாப்பான நடைபாதை வேண்டிக் குடியிருப்போர் எழுப்பும் கோரிக்கை தமிழகத்தில் பெரும்பாலும் ‘ஆக்கிரமிப்பை அகற்றுக’ என்னும் வடிவத்தையே எடுத்து வந்துள்ளது. இவ்வடிவம் 1920ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தின் மொழியிலிருந்து பிறந்தது என்பதும், நடப்பவரையே உரிமையுடையவராகச் சுட்டிய மற்றொரு மரபு 1924ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தீர்மானத்தில் தோன்றி, நடைபாதை பற்றிய பேச்சில் இடம்பெறாமலே போயிற்று என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள். சட்டங்கள், அரசாணை, நீதிமன்றத் தீர்ப்புகள், நகரக் கொள்கை ஆகியவற்றைக் கொண்டு இவை ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நடைபாதை, பாதசாரி, ஆக்கிரமிப்பு, நகராட்சிச் சட்டம், இரட்டைமலை சீனிவாசன், விருத்தாசலம்.

முன்னுரை

விருத்தாசலம் மூன்று வகை நடைகளால் ஆன ஊர். முதலாவது, கோயிலை நோக்கிய நடை. மூவர் பாடிய திருமுதுகுன்றம் இது. செம்பியன் மாதேவி கற்றளியாக எடுப்பித்த பழமலைநாதர் கோயிலைச் சுற்றியே பழைய ஊர் அமைந்தது. மாசி மகப் பெருவிழாவின்போது மணிமுத்தாற்றங்கரை நோக்கி வரும் கூட்டம் இன்றும் கால்நடையாகவே வருகிறது. இரண்டாவது, இரயில் சந்திப்பை நோக்கிய நடை. சென்னை–திருச்சி குறுக்குப் பாதையும், கடலூருக்கும் சேலத்துக்கும் பிரியும் கிளைப் பாதைகளும் இங்குக் கூடுகின்றன. மூன்றாவது, செராமிக் தொழிற்பேட்டையை நோக்கிய தொழிலாளர் நடை. வட்டாரத்துக் களிமண் வளத்தை நம்பி வளர்ந்த பொம்மை, பீங்கான் பட்டறைகளே இவ்வூருக்குப் ‘பீங்கான் நகரம்’ என்ற அடைமொழியைத் தந்தன.

பக்தர், பயணி, தொழிலாளி ஆகிய மூவரும் ஒரே தெருவைப் பகிர்ந்துகொள்கின்றனர். அத்தெருவை ஆளும் சட்டம் இம்மூவரையும் எவ்வாறு கண்டது என்பதே இக்கட்டுரையின் வினா. விருத்தாசலம் போன்ற நகராட்சிகள் அனைத்திற்கும் ஒரே சட்டமே பொருந்தியது. ஆகவே ஓர் ஊரிலிருந்து தொடங்கினாலும் ஆய்வு சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் உச்ச நீதிமன்றத்திற்கும் சென்று திரும்ப வேண்டியதாகிறது.

நடைபாதை என்னும் சொல்

சட்டத்திற்குச் செல்லும் முன் சொல்லைச் சற்று நோக்கலாம். ‘நடைபாதை’ என்பது இன்றைய வழக்கில் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது? நடைபாதைக் கடை, நடைபாதை வியாபாரி, நடைபாதைவாசி, நடைபாதை ஆக்கிரமிப்பு. பேச்சு வழக்கின் ‘பிளாட்பாரம்’ என்பதும் அப்படியே: பிளாட்பாரக் கடை, பிளாட்பாரத்தில் படுத்தவர். இக்கூட்டுச் சொற்களில் விற்பவர் உண்டு, வசிப்பவர் உண்டு, ஆக்கிரமிப்பவர் உண்டு; நடப்பவர் இல்லை. நடப்பவரைக் குறிக்க நாம் ‘பாதசாரி’ என்னும் வடசொல்லை நாடுகிறோம். அச்சொல்லும் பெரும்பாலும் விபத்துச் செய்தியில்தான் கண்ணில் படுகிறது. இதனை மொழியின் தற்செயல் என்று கடந்துவிடலாம். எனினும் சட்டத்தின் சொற்களைப் படித்தபின் அவ்வாறு கடப்பது எளிதன்று.

சட்டம் கண்ட தெரு

1920ஆம் ஆண்டுச் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், பின்னர்த் தமிழ்நாடு மாவட்ட நகராட்சிகள் சட்டம் எனப் பெயர் மாறி, 2023 ஏப்ரல் வரை நடைமுறையில் இருந்தது. அதன்பின் 1998ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023ஆம் ஆண்டு விதிகளும் அதன் இடத்தைப் பெற்றன. ஒரு நூற்றாண்டுக் காலம் தமிழக நகரத் தெருவின் இலக்கணம் அந்தப் பழைய சட்டமே.

அச்சட்டத்தின் வரையறையில் ‘பொதுத் தெரு’ என்பது பொதுமக்களுக்கு வழியுரிமை உள்ள சாலை, சந்து முதலியவற்றைக் குறிக்கும். தெருவோடு ‘இணைந்த’ நடைபாதையும், தெருவோடு ‘இணைந்த’ வடிகாலும், இருபுறமும் பக்கத்துச் சொத்தின் எல்லை வரையுள்ள நிலமும் அதில் அடங்கும். இங்கு நடைபாதைக்குத் தனி இருப்பு இல்லை. சாலையின் ஒட்டாக அது வருகிறது. வடிகாலுக்கு உள்ள அதே நிலைதான் நடைபாதைக்கும். தமிழகத்தின் நடுத்தர நகரங்களில் நடைபாதை என்பது பெரும்பாலும் சாக்கடையின் மேல் வைத்த கற்பலகையாக இருப்பதை நாம் அறிவோம். வரையறையில் அருகருகே நின்றவை தெருவில் ஒன்றன்மேல் ஒன்றாயின என்று சொல்லத் தோன்றுகிறது. இதனை ஒரு கூற்றாக அன்றி ஓர் இடைக்குறிப்பாகவே கொள்க.

சட்டத்தின் வினைச்சொற்கள் இதைவிட முக்கியமானவை. தெருவில் தடை ஏற்படுத்தும் கட்டுமானத்தைத் தடுத்தல், ஆக்கிரமிப்பை அகற்றுதல், நீட்டல்களுக்கு உரிமம் வழங்குதல், சாலையோர நிலத்தைக் குத்தகைக்கு விடுதல் – நகராட்சியின் அதிகாரங்கள் இவ்வாறு அமைகின்றன. ஒருபுறம் தெருவோரத்தில் தடையை அகற்றும் அதிகாரம். மறுபுறம் அதே தெருவோரத்தை வாடகைக்கு விடும் அதிகாரம். இரண்டிலும் நடப்பவர் ஒரு தரப்பாக இல்லை. நகராட்சிக்கும் தடை செய்பவருக்கும் இடையிலான உறவாகவே தெருவோரம் எழுதப்பட்டுள்ளது. நடப்பவர் எவர் பொருட்டு இது நடக்கிறதோ அவர்; ஆனால் எதையும் கேட்கும் இடத்தில் நிறுத்தப்பட்டவர் அல்லர்.

பிற்காலச் சட்டங்களும் இவ்விடைவெளியை நிரப்பவில்லை. 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் (1992) உள்ளாட்சிகளுக்கு உரிய பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்துகிறது. சாலைகளும் பாலங்களும் அதில் உள்ளன. தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் ஆகியவை பெயர் சொல்லிக் கூறப்படுகின்றன. நடைபாதை கூறப்படவில்லை. வாகனம் நிற்கும் இடம் அரசியலமைப்பில் இடம்பெற்றது. மனிதர் நடக்கும் இடம் ‘சாலை’ என்ற சொல்லுக்குள் ஊகித்துக் கொள்ளப்பட்டது.

1924: நடப்பவர் பெயர் பெற்ற தருணம்

தெருவில் நடப்பதை ஓர் உரிமையாக முன்வைத்த குரல் சாலைப் பாதுகாப்பு இயக்கங்களிலிருந்து தொடங்கவில்லை. தெருவே மறுக்கப்பட்டவர்களிடமிருந்து அது வந்தது. 1924 ஆகஸ்டு 22 அன்று சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் (1860–1945) ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். எந்த வகுப்பையோ சமூகத்தையோ சார்ந்தவராயினும் எந்த ஊரிலும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடந்து செல்வதற்குத் தடையில்லை என்பதும், பொது அலுவலகம், கிணறு, குளம் முதலியவற்றை அவ்வாறே அணுகலாம் என்பதும் அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, 1924 செப்டம்பர் 25 நாளிட்ட 2660ஆம் எண் அரசாணையாக அது வெளிவந்தது. அதே ஆண்டு மார்ச் 30 அன்று வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய சாலைகளுக்கான சத்தியாகிரகம் தொடங்கியிருந்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். நகராட்சி பராமரிக்கும் தெருக்கள் எந்தச் சாதியினருக்கும் மதத்தினருக்கும் திறந்தவை என்னும் பிரிவும் பின்னர் நகராட்சிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

இத்தீர்மானம் தீண்டாமை ஒழிப்பு வரலாற்றில் உரிய இடத்தைப் பெற்றுள்ளது. நகர வரலாற்றில் அதற்குரிய இடம் தரப்படவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு வேறுபாடு புலனாகும். சட்டத்தின் ஏனைய பிரிவுகள் பொருளை (திண்ணை, பந்தல், கடை) அகற்றுவது பற்றிப் பேசுகின்றன. தீர்மானமோ ஆளைப் பற்றிப் பேசுகிறது. ‘நடந்து செல்லுதல்’ என்னும் செயலே அங்கு உரிமையின் உள்ளடக்கம். நடப்பவரைத் தடுப்பது பொருள் மட்டுமன்று, மனிதரும் ஆவர் என்பதை அது அறிந்திருந்தது. பெருங்கோயிலைச் சுற்றி வீதிகள் அமைந்த விருத்தாசலம் போன்ற ஊர்களைப் படிக்கும்போது, தெருவில் யார் நடக்கலாம் என்ற பழைய வினாவை விலக்கிவிட்டு எங்கே பாதுகாப்பாக நடக்கலாம் என்ற புதிய வினாவை மட்டும் எழுப்புவது குறைபட்ட வரலாறாகும்.

1985: நடைபாதையில் வசிப்பவரும் விற்பவரும்

அடுத்த அறுபது ஆண்டுகளைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். நடைபாதை மீண்டும் நாட்டின் கவனத்திற்கு வந்தது வசிப்பிடச் சிக்கலாகவே. 1985 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஓல்கா டெலிஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. பம்பாய் நடைபாதைவாசிகள் பற்றிய இவ்வழக்கின் மனுதாரர்களுள் ஒருவர் தமிழர். வறட்சியால் வேலையிழந்து 1961இல் சேலத்திலிருந்து சென்ற நிலமற்ற கூலித் தொழிலாளர் அவர். 1981 ஜூலையில் குடிசை இடிக்கப்பட்டுக் குடும்பத்தோடு சேலம் பேருந்தில் ஏற்றப்பட்டார். வேலை தேடி மீண்டும் பம்பாய் நடைபாதைக்கே திரும்பினார். வாழ்வாதாரம் வாழ்வுரிமையின் கூறு என்று அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. ஆயினும் நடைபாதை நடப்பதற்கானது. அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் கூறிற்று. சென்னையின் குடிசை, நடைபாதைவாசிகள் சார்பாக வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கும் அதே ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றது. 1989இல் சோடன் சிங் வழக்கு தெருவோர வணிகத்தைக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட தொழில் உரிமையாக ஏற்றது. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழுவையும், அதில் வியாபாரிகளுக்குக் குறைந்தது 40 விழுக்காட்டு இடத்தையும் வகுத்தது.

இவ்வழக்குகளில் நடப்பவர் அடிக்கடி பேசப்படுகிறார். ஆனால் யாரை அகற்றலாம் என்பதற்கான காரணமாகவே பேசப்படுகிறார். அவர் நடக்கத் தகுந்த பாதை முதலில் கட்டப்பட்டிருந்ததா என்று எவரும் வினவவில்லை.

மனுவின் வடிவம்

குடியிருப்போர் சங்கங்களின் போராட்டம் இப்பின்னணியில்தான் உருவாயிற்று. சென்னையில் தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு போன்ற பகுதிகளின் வட்டார வார இதழ்களைப் புரட்டுபவர் நடைபாதை பற்றிய முறையீடுகளைக் காணாமல் இருக்க முடியாது. மாவட்ட நகரங்களில் ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாள் இதே பணியைச் செய்கிறது. சாலையில் தாமே முன்வந்து போக்குவரத்தை ஒழுங்குபடுத்தியதால் ‘டிராஃபிக்’ என்ற அடைமொழி பெற்ற கே.ஆர். இராமசாமி (1934–2021) தனி ஒருவராகப் பொதுநல வழக்குகளைத் தொடுத்தார். அவருடைய நீண்ட போராட்டத்தின் பெரும்பகுதி விளம்பரப் பலகைகளுக்கும் பதாகைகளுக்கும் எதிரானது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பதாகை சரிந்து இளம்பெண் ஒருவர் உயிரிழந்தபோது, அவர் ஆண்டுக்கணக்கில் எச்சரித்தது நாடறிந்த செய்தியாயிற்று.

அம்முயற்சிகளின் மதிப்பைக் குறைப்பது இங்கு நோக்கமன்று. ஆயினும் அவற்றின் மொழியைக் கவனித்தல் வேண்டும். மனுவின் வினைச்சொல் ‘அகற்ற’ என்பதே. சட்டம் தந்த ஒரே கைப்பிடி அது. நகராட்சி எதைச் செய்யக் கடமைப்பட்டுள்ளது என்று சட்டம் தெளிவாகச் சொல்லாதபோது, எதை நீக்கும் அதிகாரம் அதற்கு உண்டோ அதையே குடிமகன் கேட்கிறான். விளைவு ஒன்று: மனு ஓர் அண்டை வீட்டாருக்கோ கடைக்காரருக்கோ எதிரானதாகிறது. அகற்றும் பணி நடந்து, சில வாரங்களில் கடைகள் திரும்புகின்றன. மனு மீண்டும் எழுதப்படுகிறது. விளைவு மற்றொன்று: பூ விற்பவரும் நடப்பவரே என்பது மறைகிறது. தலைச்சுமையோடு அதிகாலையில் தெருவின் முழு நீளத்தையும் நடப்பவர் அவர்தாம்.

நெதர்லாந்தின் அனுபவம் இங்கு ஒப்பு நோக்கத்தக்கது. 1971இல் அந்நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோருள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அடுத்த ஆண்டு ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற பெயரில் பெற்றோரும் குடியிருப்போரும் தொடங்கிய இயக்கம் எந்தக் கடையையும் அகற்றக் கோரவில்லை. தெருவையே வேறுவிதமாகக் கட்டச் சொன்னது. வாகனம் நடைவேகத்தில் மட்டுமே செல்லக்கூடிய குடியிருப்புத் தெரு என்னும் வடிவமைப்பு அக்காலத்திலேயே அங்குச் சட்ட ஏற்புப் பெற்றது. நம் சூழலுக்கு அதை அப்படியே பெயர்க்க இயலாது. கோரிக்கையின் வினைச்சொல் மாறும்போது எதிர்த்தரப்பும் மாறுகிறது என்பதற்கு அது சான்று.

கட்டுதல் என்னும் கோரிக்கை

தமிழகத்தில் அவ்வினைச்சொல் மாறிய தடயங்களை 2010க்குப் பின் காணமுடிகிறது. இந்தியச் சாலைக் காங்கிரசின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல் (ஐ.ஆர்.சி. 103) நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலமும் 150 மில்லிமீட்டருக்கு மிகாத உயரமும் வேண்டும் என்றது. இந்த உயர வரம்பு சிறு செய்தி போலத் தோன்றலாம். முழங்கால் உயரத்திற்கு எழும்பிய நடைபாதையில் முதியவர் ஏறமாட்டார், சாலையிலேயே நடப்பார். 2014 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. இந்திய நகரங்களுள் அதுவே முதல். போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடை, மிதிவண்டி வசதிகளுக்கு ஒதுக்குதல் அதன் இலக்குகளுள் ஒன்று. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம் அக்கொள்கையின் கண்கூடான விளைவு. அங்கிருந்த நடைபாதை வியாபாரிகள் நீதிமன்ற வழக்குகளின் தொடர்ச்சியாக அதற்கு முன்பே வணிக வளாகம் ஒன்றிற்கு மாற்றப்பட்டிருந்தனர். அகன்ற நடைபாதை கிடைத்தது. நடைபாதைக் கடை என்னும் வாழ்வு அதன் விலையாயிற்று. இக்கணக்கை எவ்வாறு முடிப்பது என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இருக்க வேண்டியதில்லை.

சென்னைக்கு வெளியிலிருந்து வந்த முயற்சியே தேசிய அளவில் பெரும் விளைவைத் தந்தது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்புக்காகப் பொதுநல மனு (295/2012) தாக்கல் செய்தார். 2014இல் நீதியரசர் கே.எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது அவ்வழக்கின் வழியாகவே. அதே வழக்கில் 2025 மே 14 அன்று நீதியரசர்கள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு, நடைபாதையைப் பயன்படுத்தும் பாதசாரியின் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று கூறி, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்க நடைபாதைகளுக்கான வழிகாட்டுதல்களை மாநிலங்கள் வகுக்க வேண்டுமெனப் பணித்தது.

இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். இவ்விறப்புகளின் முதல் தகவல் அறிக்கையில் குற்றம் சாட்டப்படுபவர் ஓட்டுநர். நடைபாதை இல்லாமை எந்த அறிக்கையிலும் குற்றவாளியாக நிற்பதில்லை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 198-அ பிரிவு, சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றின் தரவிதிகளை மீறியதால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. தொகை சிறிது. எனினும் ‘கட்டாமை’யைத் தவறென்று சட்டம் கருதத் தொடங்கியதன் அடையாளம் அது. அதே திருத்தத்தில் வந்த 138(1-அ) பிரிவோ, பொது இடங்களில் பாதசாரிகளை ‘ஒழுங்குபடுத்த’ மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. பழைய மொழி எளிதில் விடைபெறுவதில்லை.

2025ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் 1924ஆம் ஆண்டு அரசாணையையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு ஓர் ஐயம் எழும். நடப்பது உரிமை என்று நூற்றோராண்டுக்குப் பின் மீண்டும் சொல்லப்படும்போது, முன்னது ஏன் நினைவுக்கு வரவில்லை? குடியிருப்போர் சங்கம் என்பது வீட்டுரிமையாளரின் அமைப்பாகவே பெரும்பாலும் வளர்ந்ததும், ஒடுக்கப்பட்டோரின் தெருவுரிமை வேறொரு வரலாற்றுப் பாடமாக ஒதுக்கப்பட்டதும் இதற்குக் காரணங்கள் ஆகலாம்.

மீண்டும் விருத்தாசலம்

இனி ஊருக்குத் திரும்பலாம். இரயில் நிலையத்தில் இறங்கித் தொழிற்பேட்டைக்கோ பாலக்கரைக்கோ நடக்கும் ஒருவர் ஒரே தெருவில் நடப்பதாக எண்ணுகிறார். நிலையத்தின் அணுகுசாலை இரயில்வேக்கு உரியது. அதனை அடுத்து நகராட்சித் தெரு. பின்னர் நெடுஞ்சாலைத் துறையின் சாலை. கடலூரிலிருந்து சின்னசேலம் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை இவ்வூர் வழியாகவே செல்கிறது. இத்தகைய நகரங்களில் ‘அகற்ற’ வேண்டும் மனுவை எந்த அலுவலகத்திலும் கொடுத்துவிடலாம். ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் அகற்றும். ‘அமைக்க’ வேண்டும் மனுவுக்கோ மூன்று அலுவலகங்களும் ஒரே வரைபடத்தில் கையெழுத்திட வேண்டும். நடுத்தர நகரங்களில் நடைபாதை துண்டு துண்டாக இருப்பதற்கு நிதிக் குறைவைவிட இப்பகுப்பே பெருங்காரணம் எனலாம்.

2022ஆம் ஆண்டு விதிகளின்படி தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டுக் குழுக்களும் பகுதி சபைகளும் வகுக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று பகுதி சபைகள் கூடின. கிராம சபைக்கு நிகரான அவை நகரத்தில் அதற்கு முன் இல்லை. வீட்டுரிமையாளர், வாடகைக்குக் குடியிருப்பவர், நடைபாதையில் கடை வைத்திருப்பவர் மூவரும் வாக்காளராக ஒரே அவையில் அமர இங்கு வாய்ப்புண்டு. சங்க மனுவில் எதிரெதிராக நின்றவர்கள் இவர்கள்.

ஆகவே இத்துறையில் ஆய்வு மேற்கொள்வோர் நகராட்சித் தீர்மானப் புத்தகங்கள், குறைதீர்க்கும் நாளின் மனுப் பதிவேடுகள், பகுதி சபை நடவடிக்கைக் குறிப்புகள் ஆகியவற்றை ஆவணங்களாகக் கொள்ள வேண்டும். எண்ண வேண்டியது மனுக்களின் தொகையை மட்டுமன்று. ‘அகற்ற’ என்று முடியும் மனுக்கள் எத்தனை, ‘அமைக்க’ என்று முடிபவை எத்தனை, அவ்விரண்டாம் வகையில் கையெழுத்திட்டோர் எத்தெருவினர் என்பதையும் ஆண்டு வாரியாகப் பிரித்துக் காண வேண்டும். விருத்தாசலத்தில் இப்பணியைக் கோயில் வீதிகளிலிருந்து தொடங்குவது பொருத்தம்: தேர்த் திருவிழாவுக்கு முன் வீதியைத் தடையின்றித் துப்புரவாக்குதல் கோயில் நகரங்களின் பழைய வழக்கம்; தேர் நிலைக்கு வந்த மறுநாள் அவ்வீதியில் நடப்பவருக்கு எவ்வளவு இடம் எஞ்சுகிறது என்பதை ஓர் அளவுநாடா கொண்டே அளந்துவிடலாம்.